மறுகாலில் நின்ற ஜிப்ஸி

மல்லாங்கிணறு
2.12.2024

நவநீதகிருஷ்ணனுக்கு,

நலமா என்று கேட்க மாட்டேன். நீ நலமாகத்தான் இருப்பாய், அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். என் நம்பரை பிளாக் செய்துவிட்டாய். தபால்காரரை பிளாக் செய்ய முடியாது, அதனால் இந்தக் கடிதம்.

நேற்று கரி மூட்டை ஏற்ற வந்த நம் ஊர் இருளாண்டி அண்ணன் ஒரு சேதி சொன்னார். மாசி சிவராத்திரிக்கு மறுநாள் என் தங்கச்சி பிருந்தா தன் மூத்த மகன் தனுஷுக்குக் காது குத்துகிறாளாம். "ஏலே மாரி, தாய்மாமன் மடிக்கு நவநீதனைத்தான் சொல்லியிருக்காக" என்றார். மூட்டையைக் கீழே போட்டுவிட்டேன். கூடப் பிறந்தவன் நான் குத்துக்கல்லாக இருபத்தைந்து கிலோமீட்டரில் உட்கார்ந்திருக்கிறேன். என் மருமகன் உட்கார வேண்டிய மடி என்னுடையது. அதில் என்னோடு படித்த நீ எப்படி வந்தாய் என்று ஊருக்கே தெரியும். எனக்குத் தெரிந்தவரை எழுதுகிறேன், மீதியை நீ எழுது.

போன வருஷம் கார்த்திகையில் விடிய விடிய மழை. வெளுக்கும் நேரத்தில் பிருந்தாவுக்கு வலி எடுத்துவிட்டது. கண்மாய் நிறைந்து மிச்சத் தண்ணீர் மறுகாலில் பாய்ந்ததில் பரளச்சிப் பாதை அறுந்துபோய், நூற்றெட்டு வண்டி நாலு கிலோமீட்டர் தள்ளியே நின்றுவிட்டது. இருளாண்டி அண்ணன் ஜீப் அன்று வெளியூரில் நின்றதால், அந்தப் பக்கத்தில் நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி என் பழைய ஜிப்ஸி ஒன்றுதான். பிருந்தாவையும் அவள் மாமியாரையும் மச்சான் ஜெயபாண்டியையும் ஏற்றிக்கொண்டு மறுகாலில் இறங்கினேன். ஃபோர் வீல் லீவரைப் போட்டேன். பாதி தூரம் போனதும் பின்சக்கரம் மட்டும் சுற்றியது, முன்சக்கரம் செத்துக் கிடந்தது. கரிசல் சேறு அச்சு வரைக்கும் வண்டியை வாங்கிக்கொண்டது. ஒன்றரை மணி நேரம் கழித்து நீ அருப்புக்கோட்டையிலிருந்து பஜேரோவில் வந்து சங்கிலி போட்டு இழுத்தாய். ஆஸ்பத்திரியில் பெண் குழந்தையைத் துணியில் சுற்றிக் கொடுத்தார்கள். அது அழவே இல்லை.

ஜிப்ஸியில் நாலு சக்கரமும் இழுக்க ரெண்டு வேலை நடக்க வேண்டும். முன்சக்கரத்தின் நடுவில் இருக்கிற ஹப்பை வெளியே நின்று லாக்குக்குத் திருப்பி வைக்க வேண்டும். பிறகு உள்ளே லீவரைப் போட வேண்டும். ஹப் ஃப்ரீயில் கிடந்தால், லீவர் போட்டும் பிரயோஜனமில்லை. உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஐப்பசி பிறந்தால் தை வரைக்கும் என் ஹப் லாக்கிலேயே இருக்கும், அது என் பழக்கம். மறுநாள் மெக்கானிக் அப்துல் கனி பாய் எல்லார் முன்னாலும் பார்த்தார். ரெண்டு ஹப்பும் லாக்கில் இருந்தன, அச்சிலும் பழுதில்லை. அப்படியானால் பதற்றத்தில் நான் லீவரையே போடவில்லை என்று முடிவு கட்டிவிட்டார்கள். அன்றிலிருந்து பிருந்தா என்னோடு பேசவில்லை. வண்டி ஓட்டத் தெரியாமல் தங்கச்சி பிள்ளையைக் கொன்றவன் என்ற பெயரோடு இங்கே மல்லாங்கிணற்றில் கரி சுமக்கிறேன்.

அதற்கு முந்தின நாள்தான் நீ என் ஜிப்ஸியை இரவல் வாங்கிப்போய், திருச்சுழி குண்டாற்று மணலில் உன் பஜேரோவோடும் இருளாண்டி அண்ணன் டீசல் ஜீப்போடும் ஓட்டி ஒப்பிட்டு வீடியோ போட்டாய். என் வண்டிக்கு மூன்றாம் இடம். இப்போது உனக்கு லட்சம் பேர் ரசிகர்கள். பழைய ஃபோர் வீல் வண்டிகளில் கரை கண்டவனாமே நீ. அன்று என் முன்சக்கரம் ஏன் சுற்றவில்லை என்று உன் கையால் எழுது. இதை உன்னிடமிருந்து வாங்காமல் விடமாட்டேன்.

மாரீஸ்வரன்


அருப்புக்கோட்டை
10.12.2024

அன்புள்ள மாரி,

கடையில் வைத்துத்தான் உன் கடிதத்தைப் படித்தேன். நூல் வாங்க வந்தவர் "என்ன தம்பி, கோர்ட் நோட்டீஸா" என்று கேட்டார். என் முகம் அப்படி இருந்திருக்கிறது. உன் கோபம் நியாயம்தான், ஆனால் என் மேல் எதற்கு? அந்த மடியை நான் கேட்டு வாங்கவில்லை. ஜெயபாண்டி அண்ணன் வீடு தேடி வந்து வெற்றிலை பாக்கு வைத்தார்.

வண்டியைப் பற்றிக் கேட்டாய், மனசாட்சிப்படி சொல்கிறேன். உன் ஜிப்ஸி எடை குறைவு, ஆயிரம் கிலோவை ஒட்டித்தான் வரும். மணலில் அது ஆட்டுக்குட்டி போல ஏறும், இல்லை என்று நான் எங்கும் சொல்லவில்லை. ஆனால் பெட்ரோல் வண்டி. தண்ணீர் தெறித்து மின்சாரப் பக்கம் நனைந்தால் இஞ்சின் இருமும். பட்டை ஸ்பிரிங், அதனால் ரோட்டில் போனால் முதுகெலும்பை எண்ணிவிடலாம். வளைவில் வேகமாகத் திருப்பினால் தூக்கிப் போடும். என் பஜேரோ ரெண்டாயிரம் கிலோ, டீசல், மதுரை ரோட்டில் நூறில் போனாலும் மடியில் வைத்த டீ சிந்தாது. மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடியும் இஞ்சினைத் திறக்கவில்லை. எல்லாவற்றுக்கும் மேலே, ஃபோர் வீல் போட நான் கீழே இறங்க வேண்டியதே இல்லை. உட்கார்ந்த இடத்திலிருந்து லீவரைத் தள்ளினால் முன்சக்கரம் தானாகப் பிடித்துக்கொள்ளும். உன் வண்டியில் மழையிலும் சேற்றிலும் இறங்கி ஹப்பைத் திருப்ப வேண்டும். மூன்றாம் இடம் அதற்காகத்தான் கொடுத்தேன். உன்னை அவமானப்படுத்த அல்ல.

அன்று ஏன் சுற்றவில்லை என்றால், மாரி, பதில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஹப் லாக்கில் இருந்தது, அச்சு நல்ல நிலையில் இருந்தது. மிச்சம் இருப்பது உன் கை மட்டும். பின்னால் தங்கச்சி துடிக்கும்போது யாருக்கும் புத்தி தடுமாறும். பிருந்தாவிடம் போய் "மறந்துட்டேன்த்தா" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடு. அவள் இளகின மனசுக்காரி, மன்னித்துவிடுவாள்.

நவநீதகிருஷ்ணன்


மல்லாங்கிணறு
19.12.2024

நவநீதா,

செய்யாத தப்புக்கு மன்னிப்புக் கேட்கச் சொல்கிறாய். நல்ல ஏற்பாடு.

நீ எழுதியதில் பாதி சரி. ரோட்டில் உன் வண்டி மெத்தை, என் வண்டி உரல். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நீ ஒன்றை விட்டுவிட்டாய். ரெண்டாயிரம் கிலோவைக் கரிசலில் இறக்கினால் அதுவே தன் குழியைத் தோண்டிக்கொள்ளும். மழை பெய்த கரிசலில் எடைதான் எதிரி. உனக்கே தெரிந்ததால்தானே அன்று உன் பஜேரோ கரைமேல் தார் ரோட்டில் நின்றது? சேற்றில் ஒரு டயரைக்கூட நனைக்காத வண்டிக்கு முதல் இடம்.

பழுதாகாமல் உழைப்பதைப் பற்றியும் பேசுவோம். என் ஜிப்ஸிக்குப் பாகம் தேடி நான் அருப்புக்கோட்டையைத் தாண்டியதில்லை. உன் வண்டிக்கு ஒரு ரப்பர் புஷ் வேண்டுமென்றாலும் மதுரைக்கு ஆள் அனுப்பிக் காத்திருக்கிறாய். டீசல் ஜீப்பைப் பற்றி இருளாண்டி அண்ணன் சொல்வார், "இது சத்தம் போடும், பொக விடும், ஆனா வீட்டுக்குக் கொண்டாந்து விட்ரும்" என்று. அந்த மனுஷனுக்கு இருக்கிற நேர்மை உன் வீடியோவில் இல்லை.

போன வாரம் மறுபடி மறுகால் பாய்ந்தது. ஏழு மூட்டை கரியோடு அதே இடத்தில் இறக்கினேன். ஹப் லாக்கில், லீவர் ஃபோர் வீலில். ஒரே மூச்சில் அக்கரை ஏறிவிட்டது. வண்டி ஓட்டத் தெரியாதவன் என்று பெயர் வைத்தவர்கள் வந்து பார்த்திருக்க வேண்டும். ஜெயபாண்டி மச்சானிடம் இதைச் சொல்ல ஆள் அனுப்பினேன். "அன்னிக்கு மழை வேற, இன்னிக்கு மழை வேற" என்று சொல்லி அனுப்பிவிட்டார். நடு ஆற்றில் நின்றால்கூட என்னை நம்ப மாட்டார்கள். உன்னை நம்புவார்கள்.

உன் வீர சாகசத்தைப் பற்றி ஊரில் என்ன சொல்கிறார்கள் என்று உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். சங்கிலியைக் கட்டியது இருளாண்டி அண்ணனாம். நீ குடை பிடித்துக்கொண்டு கரையில் நின்றாயாம். வெள்ளைச் சட்டையில் ஒரு பொட்டுச் சேறு இல்லையாம். காரோட்டத் தெரிந்த நூல் கடைக்காரன், அவ்வளவுதான் நீ. அவன் மடியில் என் மருமகன் உட்காருவதா?

மாரீஸ்வரன்


அருப்புக்கோட்டை
30.12.2024

மாரீஸ்வரா,

உன் நாக்கில் விஷம் இருக்கிறது. எந்த நாய் சொன்னது நான் குடை பிடித்தேன் என்று? இடுப்பளவு தண்ணீரில் இறங்கினேன். என் செருப்பு ரெண்டும் போனது. சங்கிலியின் அந்த முனையை பஜேரோவில் மாட்டியதுதான் இருளாண்டி. உன் ஜிப்ஸியின் முன்கொக்கியில், தலையைத் தண்ணீருக்குள் கொடுத்து மாட்டியது நான். நீ ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாய், உனக்கு எப்படித் தெரியும்?

உன் வண்டியைத் தலையில் தூக்கி வைத்து ஆடாதே. அந்த ஹப் ஒன்று போதும் அதற்கு மதிப்பெண் குறைக்க. சேறு அப்பிக்கொண்டால் இரும்பாக இறுகிவிடுகிறது. ரெண்டு கையால் முறுக்கியும் அசையாது. வலது பக்கத்து ஹப்பின் விளிம்பு என் உள்ளங்கையைக் கிழித்து நாலு தையல் போட்டேன், தழும்பு இன்னும் இருக்கிறது. அப்படிப்பட்ட வண்டியை நம்பிப் பிள்ளைத்தாச்சியை ஏற்றுகிறவன் என்னைக் கடைக்காரன் என்கிறான்.

உனக்கு வலிக்கட்டும் என்றே இதையும் எழுதுகிறேன். உன் தங்கச்சி வாரத்துக்கு ஒரு தடவை எனக்குப் போன் செய்கிறாள். ஒரே கேள்விதான். "அண்ணே, மொத நாள் ராத்திரியே எனக்கு லேசா வலி இருந்துச்சு. மழையேன்னு சொல்லாம இருந்துட்டேன். அப்பவே கெளம்பியிருந்தா பிள்ளை பொழச்சிருக்குமா?" நான் இல்லையம்மா, இல்லையம்மா என்று தேற்றுகிறேன். அவள் இன்னும் சரியாகச் சாப்பிடுவதில்லை. உன்னிடம் கேட்க வேண்டிய கேள்வியை என்னிடம் கேட்கிறாள். அந்த இடத்தில் நான் ஒரு வருஷமாக இருக்கிறேன். மடி எனக்கு அப்படித்தான் வந்தது.

நவநீதகிருஷ்ணன்


மல்லாங்கிணறு
8.1.2025

நவநீதா,

உன் கடிதத்தை ஐந்து தடவை படித்தேன். ஆறாவது தடவை அப்துல் கனி பாயை உட்கார வைத்துச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். ஏழாவது தடவை இருளாண்டி அண்ணனுக்கு.

உன் வீடியோவை நான் நாற்பது தடவையாவது பார்த்திருப்பேன். பதினோராவது நிமிஷத்தில் நீ என் ஜிப்ஸியின் பக்கத்தில் குத்த வைத்து, ஜனங்களுக்கு ஹப்பைத் திருப்பிக் காட்டுகிறாய். ரெண்டே விரல். "பாருங்க, வெண்ணெய் மாதிரி சுத்துது" என்கிறாய். அன்று காலையில்தான் நான் அதற்குக் கிரீஸ் வைத்திருந்தேன். குண்டாற்றில் அன்று காய்ந்த மணல், சேறு ஏது? வீடியோ முடியும்போது நீ கேமராவுக்குக் கையாட்டுகிறாய். உள்ளங்கை சுத்தமாக இருக்கிறது. தையலும் இல்லை, கட்டும் இல்லை.

அப்படியானால் சேறு அப்பிய என் ஹப்பை நீ ரெண்டு கையால் முறுக்கியது எப்போது? அந்த வண்டி சேற்றில் நின்றது ஒரே ஒரு நாள். நீ அதன் சக்கரத்துக்குப் பக்கத்தில் தண்ணீருக்குள் தலையைக் கொடுத்தது ஒரே ஒரு தடவை. சங்கிலி கட்டப் போனவனுக்கு ஹப்பில் என்ன வேலை? லாக்கில் இருந்தால் அதை யாரும் தொடவே வேண்டாம். ஃப்ரீயில் கிடந்திருக்கிறது. முந்தின நாள் நீதான் ஃப்ரீயில் திருப்பி வைத்துவிட்டு எனக்குச் சொல்லாமல் வண்டியை நிறுத்திவிட்டுப் போயிருக்கிறாய். அன்று வண்டிக்குள் பிருந்தா துடித்துக்கொண்டிருக்க, அதைப் பார்த்துவிட்டு, யாரும் பார்ப்பதற்கு முன்னால் லாக்குக்குத் திருப்பியிருக்கிறாய். இழுக்கும்போது நான் லீவரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்துவிட்டதால் எனக்கும் சாட்சி இல்லாமல் போனது. மறுநாள் பாய் பார்த்தபோது எல்லாம் ஒழுங்காக இருந்தது. ஒழுங்கில்லாமல் இருந்தது நான் மட்டும்.

குடை பிடித்ததாக யாரும் சொல்லவில்லை. நான்தான் எழுதினேன். உனக்கு ரோஷம் வந்தால் என்ன வேண்டுமானாலும் எழுதுவாய் என்று பத்தாம் வகுப்பிலிருந்தே தெரியும்.

இது உன் கையெழுத்து. மேலே தேதி, கீழே பெயர். பத்திரமாக என் பெட்டியில் இருக்கிறது.

மாரீஸ்வரன்


அருப்புக்கோட்டை
17.1.2025

மாரி,

பொங்கலுக்கு வீட்டில் ஒரு வாய் சாப்பிடவில்லை. மறைத்துப் பிரயோஜனமில்லை, நீ கண்டுபிடித்தபடிதான் நடந்தது. ஷூட்டிங் முடிந்து தார் ரோட்டில் திரும்பும்போது ஸ்டியரிங் லேசாக இருக்கும், பெட்ரோலும் மிச்சம் என்று ஃப்ரீயில் திருப்பினேன். நான் ஜிப்ஸி வைத்திருந்த காலத்துப் பழக்கம். சாவியை இருளாண்டி அண்ணனிடம் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். உன் பழக்கம் வேறு என்று எனக்குத் தோன்றவே இல்லை. மறுநாள் தண்ணீருக்குள் கையை விட்டபோது விரலில் பட்டது. ஃப்ரீ. கரையில் எல்லாரும் நிற்கிறார்கள். என் கை தானாகத் திருப்பியது. அதற்கு நான் என்ன பெயர் வைக்கட்டும்?

பிறகு ஆஸ்பத்திரி வராந்தாவில் உன் மச்சான் உன் சட்டையைப் பிடித்து உலுக்கியபோது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அடுத்த நாள் சொல்லலாம் என்று இருந்தேன், அதற்குள் என்னைச் சாமி என்று சொல்லிவிட்டார்கள். அதன்பிறகு வாயைத் திறக்க முடியவில்லை.

ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. லீவர் போட்டும் முன்சக்கரம் பிடிக்கவில்லை என்றால் ஒரு ஜிப்ஸிக்காரன் முதலில் எதைப் பார்ப்பான்? ஹப்பைத்தானே? இறங்கித் தடவிப் பார்க்க அரை நிமிஷம். நீ பத்து நிமிஷம் ஆக்சிலேட்டரை மிதித்து வண்டியைப் புதைத்தாய். எப்போதும் லாக்கில்தான் இருக்கும் என்ற உன் நம்பிக்கைக்கும் அதில் பங்கில்லையா?

நான் மடியில் உட்காரவில்லை. சூரத்துக்குச் சரக்கு எடுக்கப் போகிறேன் என்று சொல்லி ஒதுங்கிக்கொள்கிறேன். நீ போய் உட்கார். அந்தக் கடிதத்தை மட்டும் கிழித்துவிடு. பிருந்தாவுக்கு இதெல்லாம் தெரிந்து ஆகப்போவது என்ன, போன பிள்ளை வரப்போகிறதா? நம் பழைய நாட்களை நினைத்துப் பார்.

நவநீதகிருஷ்ணன்


மல்லாங்கிணறு
20.2.2025

நவநீதா,

ஒரு மாசமாகப் பதில் போடாமல் இருந்தது வேண்டுமென்றுதான். தபால்காரர் சைக்கிள் மணி கேட்கும்போதெல்லாம் நீ கடை வாசலுக்கு ஓடி வர வேண்டும் என்று நினைத்தேன். ஓடி வந்ததாக இருளாண்டி அண்ணன் சொன்னார். சந்தோஷம்.

அரை நிமிஷம் என்று எழுதியிருக்கிறாய். அந்த அரை நிமிஷத்தை நான் தினமும் நினைக்கிறேன். நீ சொல்லித்தர வேண்டாம். இறங்கித் தடவியிருக்க வேண்டும். பாழாய்ப்போன பழக்கம், லாக்கில்தான் இருக்கும் என்று மனசு சொன்னது. அந்தப் பாவம் எனக்கு. அதை நான் தூக்கிக்கொள்கிறேன். ஆனால் உன்னுடையதையும் சேர்த்து ஒரு வருஷம் தூக்க வைத்தாயே, அதற்குத்தான் உன்னை விடப்போவதில்லை.

சூரத்துக்கெல்லாம் போக வேண்டாம். நீ உட்கார வேண்டும். பட்டு வேட்டி கட்டிக்கொண்டு, மாலை போட்டுக்கொண்டு, சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னாலும் அந்தப் பலகையில் உட்கார வேண்டும். தனுஷை உன் மடியில் வைக்கட்டும். ஆசாரி ஊசியை எடுக்கட்டும். அந்த நேரத்தில் இருளாண்டி அண்ணன் உன் ரெண்டு கடிதத்தையும், டிசம்பர் கடைசியில் எழுதியதையும் பொங்கலுக்குப் பிறகு எழுதியதையும், பிருந்தா கையில் கொடுப்பார். பொங்கலுக்கு முந்தியே கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம். ஆனால் வீட்டுக்குள் நடந்தால் நாலு சுவருக்குள் முடிந்துவிடும். என்னை எத்தனை பேர் பார்த்தார்களோ அத்தனை பேர் உன்னைப் பார்க்க வேண்டும்.

முன்கூட்டியே நீயே போய்ச் சொல்லித் தப்பிக்கலாம். தடுக்க மாட்டேன். ஆனால் நீ சொல்ல மாட்டாய், உன்னை எனக்குத் தெரியும்.

எனக்கு அழைப்பு இல்லை, அதனால் கோயிலுக்குள் வர மாட்டேன். மெயின் ரோட்டில் ஜிப்ஸியில் உட்கார்ந்திருப்பேன். தாய்மாமன் சீர் அத்தனையும் பின்சீட்டில் இருக்கும். உன்னை எழுப்பி விட்டுவிட்டு என்னைக் கூப்பிட ஆள் வரும்.

மாரீஸ்வரன்


அருப்புக்கோட்டை
1.3.2025

மாரி,

நீ சாயங்காலம் வரைக்கும் ரோட்டில் காத்திருந்ததாகவும், "குடுத்துட்டேன்" என்பதற்கு மேல் இருளாண்டி அண்ணன் உன்னிடம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை என்றும் கேள்விப்பட்டேன். "எனக்கு வாய் வரலப்பா, நீயே எழுதிப்புடு" என்றார். எழுதுகிறேன். இதை எழுதுவதில் எனக்குக் கொஞ்சம் திருப்தியும் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன்.

நீ ஆசைப்பட்டபடியே நடந்தது. நானும் முன்கூட்டிச் சொல்லவில்லை. என்னைச் சரியாகத்தான் எடை போட்டிருக்கிறாய். பலகையில் உட்கார்ந்தேன், தனுஷ் மடியில் இருந்தான், ஆசாரி காதில் சந்தனம் தொட்டு வைத்தார். இருளாண்டி அண்ணன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து கவரைக் கொடுத்தார். பிருந்தா நின்றபடியே படித்தாள். மேளக்காரர்கள் தாங்களாக நிறுத்திவிட்டார்கள்.

என்னிடம் ஒரே கேள்விதான் கேட்டாள். "திருப்புனீகளா?" திருப்பினேன் என்றேன். பிள்ளையை என் மடியிலிருந்து தூக்கிக்கொண்டாள். ஜெயபாண்டி அண்ணன் என் கழுத்து மாலையைப் பிடித்து இழுத்தார், மாலை அறுந்தது. அவர் அம்மா என் முகத்துக்கு நேராகக் காறித் துப்பினார். லட்சம் பேர் பார்க்கிறவன் நான், அன்று என்னை அறுபது பேர் பார்த்தது போதும். சேனலை மூடிவிட்டேன். உன் கணக்கு இதோடு சரியாகிவிட்டது என்று நினைத்திருப்பாய்.

பிறகு உன்னைக் கூப்பிட ஆள் கிளம்பினார்கள். ஜெயபாண்டி அண்ணனே, "மாரி ரோட்டுலதான் நிக்கானாம், கையப் பிடிச்சுக் கூட்டியாரேன், தப்பு என் மேலதான்" என்று வேட்டியை மடித்துக் கட்டினார். பிருந்தா அவரை நிறுத்தினாள். கடிதத்தின் மேல் இருந்த தேதியை விரலால் தொட்டு இருளாண்டி அண்ணனிடம் காட்டினாள். "அண்ணே, இது எப்ப எங்கண்ணன் கைக்கு வந்துச்சு?" அவருக்குப் பொய் சொல்ல வராது. "பொங்கலுக்கு முந்தித்தா. எங்கிட்ட வாசிச்சுக் காட்டுனான்" என்றார்.

அவள் மறுபடியும் டிசம்பர் கடிதத்தை விரித்தாள். நான் உன்னை நோகடிக்க எழுதிய அந்தக் கடைசிப் பகுதி, அவள் வாராவாரம் என்னிடம் கேட்ட கேள்வி, அதை மட்டும் எல்லார் காதிலும் விழும்படி படித்தாள். பிறகு சொன்னதை ஒரு எழுத்துக் குறைக்காமல் எழுதுகிறேன்.

"இவுக பொய் சொன்னாக. வெளியாளு, பயந்துட்டாக. ஆனா எங்கண்ணன் இதப் படிச்சிருக்கு. நான் ராத்திரியே கெளம்பாதது என் குத்தம்னு சோறு தண்ணி எறங்காமக் கெடக்கேன்னு அதுக்குத் தெரிஞ்சிருக்கு. உன் மேல குத்தமில்லத்தான்னு ஒரு வார்த்தை சொல்ல ஒரு பஸ்ஸு ஏறி வந்திருக்கலாம். ரெண்டு மாசம் பெட்டியில பூட்டி வச்சுக்கிட்டு, கூட்டம் சேரட்டும்னு இருந்திருக்கு."

அவள் மாமியார், தாய்மாமன் மடி இல்லாமல் காது குத்தக் கூடாது, ஆகாது என்று சொல்லிப் பார்த்தார். பிருந்தா கேட்கவில்லை. நான் எழுந்த பலகையில் அவளே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். தனுஷைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, குத்துங்க என்று ஆசாரியிடம் சொன்னாள். குத்தினார். பையன் வீரிட்டு அழுதான், அவள் அழவில்லை.

சாப்பிடாமல் நான் கிளம்பியபோது வாசல் வரை வந்தாள். என்னைத் திட்ட வருகிறாள் என்றுதான் நினைத்தேன். "எங்கண்ணனுக்கு எழுதுவீகளே, எழுதுங்க" என்றாள். "அன்னிக்கு லீவர அது போட்டுச்சுன்னு இப்ப நம்புறேன். அதோட கெட்ட பேரு போயிருச்சு. அந்த நல்ல பேர எடுத்துக்கிட்டு மல்லாங்கிணத்துலயே இருக்கச் சொல்லுங்க, இங்க வர வேண்டாம்."

நவநீதகிருஷ்ணன்